பாதியில் நின்ற சொல்

கூதிர்க் காலத்துக் காலைப் பொழுது. நேமன் ஆற்றின்மேல் படர்ந்திருந்த வெண்பனி மெல்ல விலக, மேலைக் காடுகளில் வெட்டிய மரங்களைப் பிணைத்த தெப்பங்கள், ஆறு உறையுமுன் கடல்முகம் சேரும் விரைவோடு ஒன்றன்பின் ஒன்றாய் லுப்னிக் நகர்த் துறையில் ஒதுங்கி, உப்பும் ரொட்டியும் ஏற்றிக்கொண்டு மீண்டும் நீரோட்டத்தில் இறங்கின. அன்று வியாழன். திங்களும் வியாழனும் தொழுகைக் கூடத்தை ஒட்டிய சிற்றறையில் யூதர்தம் அறமன்றம் கூடும். அதன் நடுவர் மூவருள் இளையவரும், ஊரார் மதிப்போடு ‘ரெப்’ என்று அழைப்பவருமான செலிக், அக்கரையில் ஒரு பெயர்சூட்டு விழாவில் உண்டு மகிழ்ந்து, ஓடத்தில் வந்து துறையில் இறங்கினார். நூலறிவில் அவருக்கு நிகர் அந்நகரில் இல்லை. அதை அவரும் நன்றாகவே அறிந்திருந்தார், அதுதான் வந்த வினை!

கற்றறிந்த அன்பரே, அம்மன்றத்தில் ஏழாண்டாய்த் தீராத வழக்கொன்று கிடந்தது. முதுகில் கண்ணாடிப் பலகை சுமந்து ஊரூராய்த் திரிந்து பலகணிகளுக்குப் பொருத்திப் பிழைத்த லெமல் என்பான், ஆற்றின் மேற்புறத்து ஊர்களுக்குப் போனவன் திரும்பவேயில்லை. அவன் மனைவி பதானே கைம்பெண்ணும் அல்லள், கணவனோடு வாழ்பவளும் அல்லள். அவன் இறந்தான் என்று ஒரு சான்று வந்தாலன்றி அவள் வேறொருவனை மணக்க முடியாது. மனைவியை இழந்த நல்லவன் ஒருவன் மூன்றாண்டு அவளுக்காகக் காத்திருந்து, இந்தக் குளிர்காலத்துக்கு மேல் தன்னால் ஆகாதென்று சொல்லிவிட்டான். மன்றம் கூடும் நாள்தோறும் அவள் வந்து கதவோரம் நின்று, ஒன்றுமில்லை என்று கேட்டுத் திரும்பினாள்.

துறையில் தெப்பக்காரன் பாவ்லுக் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தான். செலிக்கைக் கண்டதும் தொப்பியைக் கழற்றி, தன்போக்கில் பேசத் தொடங்கினான்.

"உங்க ஆளுங்களப் பாத்தாலே அந்தக் கண்ணாடிக்கார லெமல் நெனப்புதான் வருது சாமி. பாவம், அந்த மனுஷன்..."

யூத அறநூலின்படி, இவன்போல் வேற்று நெறியினன் ஒருவன், எவரும் வினவாமல், பேச்சோடு பேச்சாக ஒருவனது இறப்பைச் சொன்னால் அச்சொல் சான்றாகும். வினவியபின் சொன்னால் ஆகாது. இதை நூற்றுக்கணக்கான முறை பாடம் சொன்னவர் செலிக். ஆயினும் ஏழாண்டு முடிச்சை அவிழ்த்தவன் நான் என்று ஊர் சொல்லுமே என்னும் பேராசை நெஞ்சில் பொங்க, ஒரு மூச்சுப் பொறுக்கமாட்டாமல் அவர் வாய் முந்திக்கொண்டது.

"என்ன ஆச்சு? செத்துட்டானா? சொல்லுய்யா!"

"ஆமா சாமி, நான்தானே குழி வெட்டினேன். காய்ச்சல். கடைசியா என் கையப் புடிச்சிக்கிட்டு ஒண்ணு சொன்னான்..."

அப்போதுதான் தாம் செய்தது செலிக்குக்கு உறைத்தது. ஐயோ, கேட்டுவிட்டோமே! இனி இவன் சொல்லும் எதுவும் சான்றாகாதே! "போதும், நிறுத்து! பேசாதே!" என்று கத்தி, இரு காதையும் பொத்திக்கொண்டு மேட்டில் ஏறிப் போய்விட்டார்.

வழிநெடுகிலும் மனம் அவரைத் தின்றது. உடனிருந்து கேட்டவர் யாருமில்லை. அவனாகவே சொன்னான் என்று ஒரு பொய் சொன்னால் ஒரு பெண் வாழ்வு பெறுவாள். ஆனால் பொய்ச் சான்றில் கட்டிய மணம் மணமாகுமா? இவ்வாறு மயங்கியவாறே மன்றம் புகுந்து அமர்ந்து, பதானே கதவோரம் நின்றிருக்க, லெமல் இறந்ததையும் கடைசியாய் ஏதோ சொன்னதையும் கூறினார்.

தலைமை நடுவர் ரெப் கோப்பல், முதியவர், கண்ணைச் சுருக்கிக் கேட்டார்: "அவனாச் சொன்னானா, நீர் கேட்டீரா?"

செலிக்கின் முகம் காதுவரை எரிந்தது. "நான் கேட்டேன்."

"அடப்பாவி மனுஷா! ஒரு மூச்சு பொறுத்திருக்கக் கூடாதா?" என்றார் கோப்பல். பிறகு பதானேயைப் பார்க்கமாட்டாமல் தலைகவிழ்ந்து, "இது செல்லாதும்மா" என்றார்.

அவள் அழவில்லை. இரண்டடி முன்வந்து செலிக்கின் எதிரில் நின்றாள்.

"செல்லாதுன்னா போகட்டும். கடைசியா ஒண்ணு சொன்னாருன்னீங்களே. என்ன சொன்னாராம்?"

"தெரியாதும்மா. நான் சொல்லவிடல. காதப் பொத்திக்கிட்டேன்."

"ஏன்?"

"சபைக்கு அது ஆகாதுன்னு..."

"சபைக்கு ஆகாட்டிப் போகுது, ரெப் செலிக். எனக்கு ஆகுமே!"

செலிக் எழுந்தார், மேலாடையும் எடாமல், சந்தைக் கூட்டத்தினூடே, தாடி பறக்க, கண்டோர் சிரிக்க, துறை நோக்கி ஓடினார். பாவ்லுக்கின் தெப்பம் வளைவைக் கடந்துவிட்டிருந்தது. நீர்விளிம்பில் நின்று அவன் பெயரைச் சொல்லி அவர் கூவிய கூவலுக்கு மறுகரைக் காடுகூட மறுமொழி தரவில்லை.

பாவ்லுக் பிறகு அத்துறைக்கு வரவேயில்லை. அதன்பின் இருபதாண்டு செலிக் நடுவராயிருந்து எண்ணற்ற வழக்குகளைத் தீர்த்தார். அவர்தம் தீர்ப்புகளை அயலூர் அறிஞரும் போற்றினர். போற்றும்போதெல்லாம் அவர் நாணித் தலைகுனிந்தார். அதை அடக்கம் என்று ஊர் புகழ்ந்தது. ரொட்டிக் கடைத் தெருவில் தனியே நரைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் மட்டும் அது என்னவென்று அறிந்திருந்தாள்.