பேர் கேட்காத வீடு

"இண்டைக்கு எண்டால் வாறன். நாளைக்கு எண்டால் வரமாட்டன்" என்று சாமித்தம்பி சொல்லி வாய் மூடுவதற்குள் புஸ்பம் சேலையை மாற்றிக்கொண்டு படலையைத் திறந்துவிட்டாள். கட்டினவரை அவளுக்குத் தெரியாதா? பொழுதுபட்டால் அந்த வாக்கும் படுத்துவிடும்.

கிரானில் பஸ் ஏறி இருவரும் செங்கலடிச் சந்தியில் இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. பஸ் கம்பியை விட்ட பிறகும் சாமித்தம்பியின் கை நடுங்கிக்கொண்டேயிருந்தது. சுனாமியில் சின்ன மகள் போன நாளிலிருந்து பிடித்த குடி. போன கிழமை டாக்குத்தர் புஸ்பத்தைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: ஈரல் பழுதாகிவிட்டது, இனித் தொட்டால் ஆள் தப்பாது. அங்கிருந்த நேர்ஸ்தான் இந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னாள். குடியை விட நினைக்கிற ஆட்கள் சனிக்கிழமை பின்னேரம் செங்கலடியில் ஒரு வீட்டில் கூடுவார்களாம். வாசலில் பேர்ப்பலகை கிடையாது. முழுப்பேர், ஊர், முன்னம் என்ன செய்தாய், ஒன்றும் கேட்கமாட்டார்களாம்.

நல்ல சட்டம்தான். கண்டுபிடித்தவர் யாரோ, மட்டக்களப்பில் இருந்துகொண்டு கண்டுபிடிக்கவில்லை. சண்டை முடிந்து ஒரு வருசம்தான் ஆகிறது. பேர் சொல்லாத ஆம்பிளைகள் கதவைச் சாத்திக்கொண்டு கூடுகிற வீடு எது என்று சந்தியில் நின்று கேட்டால் எவன் வாய் திறப்பான்?

தேத்தண்ணிக் கடைக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஆருடைய கூட்டம்?"

"தெரியாது அண்ணன். பேர் சொல்லமாட்டாங்களாம்."

"அப்படி ஒண்டும் இஞ்ச இல்ல. போங்க தங்கச்சி, எங்களையும் மாட்டி வைக்காதீங்க."

மரக்கறிக்காரி காது கேளாதவள்போல் கத்தரிக்காயை அடுக்கிக்கொண்டிருந்தாள். சைக்கிள் கடைப் பக்கம் போனால் அங்கே நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுவிட்டார்கள். சாராயக்கடை எங்கே என்று கேட்டிருந்தால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் விட்டிருப்பார்கள், பாழாய்ப்போன சனம். அதைத்தான் கேட்கவே தேவையில்லையே, சந்தியிலேயே கிடந்தது. சாமித்தம்பியின் கண் திரும்பத் திரும்ப அங்கேதான் போனது.

"இல்லாத இடத்தை எங்க புள்ள தேடுற? திரும்பிப் போவம்."

"வாயைப் பொத்திக்கொண்டு வாங்க."

கடைசியில் சரீப் என்கிற ஆட்டோக்காரர்தான் இரங்கினார். ஏறாவூர் ஆள். அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை, சாமித்தம்பியின் கையை மட்டும் பார்த்தார். "ஏறுங்க தங்கச்சி. என்ட மச்சானையும் அங்கதான் கொண்டு உடுற. ஊருக்குத் தெரியாது, நீங்களும் வெளிய கதைச்சிராதீங்க."

வயல் கரையில் ஒரு தகரக் கூரை வீடு. சாமித்தம்பி உள்ளே போனார். வெளியே மாமரத்தின் கீழ் போட்டிருந்த பலகை வாங்கில் புஸ்பம் குந்தினாள். உள்ளே இருக்கிறார், குடிக்காமல் இருக்கிறார். இதுக்கு மேல் அவளுக்கு என்ன வேணும்? அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

"அம்மா, தேத்தண்ணி."

அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். நிமிர்ந்து பார்த்தாள். அவனேதான்.

நாலு வருசத்துக்கு முன்னம் துவக்கை நீட்டிக்கொண்டு வந்து மகன் சதீசனைச் சண்டைக்கென்று பிடித்துக்கொண்டு போனவர்களில் முன்னுக்கு நின்றவன். அவள் விழுந்து அவன் காலைக் கட்டிப்பிடித்தாள். "அம்மா, ஒரு மாசத்தில உட்டுருவம்" என்று இதே குரலில் சொல்லிக் காலை உதறினான். சாமித்தம்பி அன்று குடிவெறியில் முற்றத்தில் கிடந்தார், வந்த ஒருவரின் முகத்தையும் காணவில்லை. போன பிள்ளை போனதுதான், சண்டை முடிந்தும் வரவில்லை.

இவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. எத்தனை தாய்மாரை உதறித் தள்ளினவன், எந்த முகத்தை நினைவு வைப்பான்? சீனி போதுமா என்று வேறு கேட்டான், நாசமாய்ப் போவான். கொதிக்கிற தேத்தண்ணியை அவன் மூஞ்சியில் ஊற்றியிருக்க வேண்டும். ஊற்றவில்லை. உள்ளே சாமித்தம்பி இருந்தார்.

கொஞ்ச நேரத்தில் யன்னலால் அவன் குரல் கேட்டது. "என்ட பேர் பேரின்பம். நான் குடிகாரன்." நித்திரை வராததைச் சொன்னான். கை நடுங்கினதைச் சொன்னான். குடியை விட்டு எட்டு மாதம் என்றான், மற்றவர்கள் கை தட்டினார்கள். என்ன செய்துவிட்டுக் குடித்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை. இங்கேதான் யாரும் கேட்கமாட்டார்களே.

கூட்டம் முடிந்து வந்த சாமித்தம்பியின் முகத்தில் கனகாலத்துக்குப் பிறகு ஒரு தெளிவு இருந்தது.

"பேரின்பம் எண்டு ஒரு மனிசன் இரிக்காரு புள்ள, தங்கமான மனிசன். குடிக்கணும்போல வந்தா எந்த நேரமும் போன் அடிக்கட்டாம். சதீசனைப் பிடிச்சுக்கொண்டு போனதைச் சொன்னன். என்ட கையைப் பிடிச்சு அழுதுட்டாரு. அவர் இரிந்தா நான் விட்டுருவன் புள்ள, எனக்கு நம்பிக்கை இரிக்கு. நாளைக்கு வீட்டுக்கு வரச் சொல்லியிரிக்கன். மத்தியானம் சோறு குடுக்கணும்."

புஸ்பம் வாயைத் திறந்தாள். சொன்னால் இந்த மனிதர் நேரே சந்திக்குப் போவார், குடித்தே சாவார். சொல்லாவிட்டால் பெற்ற பிள்ளையைக் கொண்டுபோனவனுக்குத் தன் கையால் சோறு போட வேண்டும். சாமித்தம்பி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவரு என்ன மீன் திம்பாராம் எண்டு கேட்டீங்களா?" என்றாள்.