மாடு மேயாத ஓடுதளம்

ஈட்டி முனையை நாக்கால் தொட்டுவிட்டுச் சொல்கிறேன். இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் மாடுகளின் மடி வற்றிப் போகட்டும், என் புதைகுழி மேல் கழுதைப்புலி ஏறிப் படுத்துத் தூங்கட்டும். மாடே உயிரான எங்கள் டிங்கா இனத்தான் மாட்டை வைத்துப் பொய்ச்சத்தியம் செய்ய மாட்டான். இதற்கு மேல் உங்களுக்கு என்ன வேண்டும்?

எங்கள் பான்லியெத்தில் விமானம் இறங்குவதற்கென்று ஒரு மண்தடம் உண்டு. விமானம் வராத நாளெல்லாம் அதில் மாடு மேயும். மாட்டை ஓட்டுவது என் பொறுப்பு. சம்பளம் கிடையாது, ஆனால் விமானத்தின் மூக்கைத் தொட்டுப் பார்க்கும் முதல் உரிமை எனக்குத்தான்.

விமானி முசெம்பி கென்யாக்காரன். உப்பு, சோளம், குழந்தைகளுக்கான அம்மை ஊசி மருந்து எல்லாம் அவன்தான் கொண்டுவருவான். ஆற்றுக்கு அக்கரையில் ஒரு படை, இக்கரையில் ஒரு படை. இரண்டும் மூன்றாவது மழைக்காலமாகச் சுட்டுக்கொண்டிருந்தன. அதனால் எனக்கும் முசெம்பிக்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. முதலில் தாழப் பறந்து ஒருமுறை பார்ப்பான். தடத்தில் மாடு மேய்ந்தால் ஊரில் அமைதி என்று பொருள். எங்கள் ஆட்கள் பிள்ளையைக்கூட ஒரு நாள் பாட்டி வீட்டில் மறந்துவிடுவார்கள், சண்டை நடக்கும் இடத்தில் மாட்டை விடமாட்டார்கள். அவன் சுற்றி வருவதற்குள் நான் மாட்டை ஓட்டிவிடுவேன், அவன் இறங்கிவிடுவான். தடம் வெறுமையாகக் கிடந்தால் அப்படியே ஓடிவிட வேண்டும்.

"மருமகனே, வெறும் தடத்தப் பாத்தா என் முகத்தக்கூடப் பாக்காத, போயிடு" என்று சொல்லி வைத்திருந்தேன்.

"மாடே இல்லாதவன மருமகனேன்னு கூப்பிடுறியே மஸே, உன் பொண்ண எனக்குக் குடுப்பியா?" என்பான். பெரியவர்களை அவர்கள் மஸே என்றுதான் கூப்பிடுவார்கள். எங்களிடம் மாடு கொடுத்தால்தான் பெண் கிடைக்கும்.

"உன் தட்டான்பூச்சி விமானத்துக்குக் கொம்பு முளைக்கட்டும், அப்புறம் பேசலாம்."

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த காரியத்தில் தலைநகரத்து அதிகாரி ஒருவர் வந்து கால் வைத்தார். கால் வைத்த இடம்தான் தகராறு. ஹெலிகாப்டரில் இருந்து பளபளவென்று செருப்பு போட்டுக்கொண்டு இறங்கியவர் நேராகச் சாணியில் வைத்தார். வழுக்கி உட்கார்ந்தார். அந்தச் சத்தத்தில் அக்கரையில் இருந்தவர்கள் பீரங்கி என்று நினைத்துப் பதில் சுட்டார்கள் என்றால் எவ்வளவு கனமான மனிதர் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"இது விமான நிலையமா, தொழுவமா?" என்று கத்தினார். "இனிமே இங்க ஒரு மாட்டக் கண்டாலும் சுடச் சொல்லிடுவேன். பாதுகாப்புன்னா என்னன்னு தெரியுமாய்யா உங்களுக்கு?"

"ஐயா, மாடுதான் பாதுகாப்பே" என்றேன்.

"கிழவனுக்கு வெயில் ஏறிடுச்சு" என்று சொல்லிவிட்டு, சிப்பாய்களை விட்டு முள்வேலி அடைத்து, "பாதுகாப்பு" என்று எழுதிய பலகையும் நடச் சொன்னார். அடைத்தார்கள். அவர் ஊருக்குத் திரும்பி, பான்லியெத் இப்போது பாதுகாப்பான தடம் என்று வானொலியில் பேசினார். வேலி போட்டதால்தான் மாடு இல்லை என்பதை முசெம்பிக்குச் சொல்லவேண்டும் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. கிளம்பும்போது அவன் கேட்டிருக்கிறான். தலைநகரத்துக் கட்டுப்பாட்டு அறையில் யார் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "புரிந்தது. ஓடுதளம் காலியாக இருக்கிறது. பயணம் பாதுகாப்பானது."

அவன் வந்தான். தாழப் பறந்தான். ஓடுதளம் காலியாகத்தான் இருந்தது. ஒரு மாடு இல்லை, ஒரு கன்று இல்லை. நான் வேலிக்கு வெளியே நின்று, சண்டை இல்லை, இறங்கு என்று காட்ட, இருக்கிற ஒரே வேட்டியை அவிழ்த்து ஆட்டினேன். அம்மணமாக ஒரு கிழவன் ஆடுவதைப் பார்த்தால் எவனுக்கும் சண்டை மூண்டுவிட்டது என்றுதான் தோன்றும். சட்டென்று ஆற்றுப் பக்கம் திரும்பினான்.

இக்கரைக்காரர்கள், "அவனுங்ககிட்ட ஓடுறான்டா, சுடு!" என்றார்கள். அக்கரைக்காரர்கள், "அவனுங்க அனுப்பினது நம்ம தலைக்கு மேல வருதுடா, சுடு!" என்றார்கள். நடுவில் அம்மை ஊசி மருந்தும் ஒரு மனிதனும்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். இந்தக் கரைக் குண்டும் அந்தக் கரைக் குண்டும் விமானத்துக்கு அடியில் ஒன்றோடொன்று மோதி ஆற்றில் விழுந்தன. தண்ணீர் கொதித்து, கெளுத்தி மீன் வெந்து மிதந்தது. எங்கள் பெண்கள் கூடையோடு போய் அள்ளிக்கொண்டு வந்தார்கள். உப்பு மட்டும்தான் குறை, அதுவும் விமானத்தில் இருந்தது. ஒரே ஒரு குண்டு வழி தவறிச் சக்கரத்தில் பட்டது. முசெம்பி திரும்பி வந்து, முள்வேலியைத் தாண்டி, நொண்டிக் கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் இறங்கினான்.

இஞ்சினை அணைக்காமலே தலையை நீட்டினான். முகம் சாம்பலாக இருந்தது.

"மஸே! மாடெல்லாம் எங்க? மாடு இல்லன்னா ஓடுன்னு நீதான சொன்ன!"

"நான்தான் சொன்னேன். வேலி போட்டது நான் இல்ல. கீழ இறங்காத மருமகனே, மூட்டையத் தள்ளிட்டுக் கிளம்பு."

கிளம்பியிருப்பான். அதற்குள் கமாண்டர் மயோல் வந்துவிட்டான். எனக்குத் தூரத்து மருமகன் முறை, இக்கரைப் படைக்குத் தலைவன். அவனுக்குப் பக்கத்து மாநிலத்தில் பெண் பேசி முடித்திருந்தது. பெண் வீட்டாருக்குக் காட்டத் தான் பாட்டுக் கட்டிப் புகழும் பாட்டுக்காளையைக் கொண்டுபோக வேண்டும். மரியால் என்று பெயர். கறுப்பும் வெள்ளையும், ஆள் உயரத்துக்குக் கொம்பு. நடத்திக்கொண்டு போனால் வழியில் கொள்ளைக்காரர்கள். ஆகவே கமாண்டர் விமானத்தின் மேல் கண் வைத்திருந்தான்.

"ஏன்டா எதிரிப் பக்கம் ஓடின?" என்று முசெம்பியின் கழுத்தில் துப்பாக்கியை வைத்தான். "உளவாளிதான நீ? தப்பிக்கணும்னா மரியால ஏத்திக்க."

"கமாண்டர் சார், தடம் சின்னது. சேறு வேற. காள பின்னால ஒரு எட்டு வச்சாப் போதும், மூக்கு மேல போயிடும், வால் கீழ வந்துடும். அப்புறம் எல்லாருமே கீழதான்."

"நீ ஓட்டுறவன்தான? சரிக்கட்டி ஓட்டு. ஏத்தலன்னா நீயும் இங்கயே, உன் தட்டானும் இங்கயே."

எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது. எங்கள் பிள்ளைகளுக்கு ஊசி கொண்டுவருகிறவனைச் சுடுவதும் இவர்கள்தான், சுட்டது ஏன் என்று அவனையே கேட்பதும் இவர்கள்தான். நாளைக்கு அவன் விழுந்தால் இரண்டு கரைக்காரர்களும் "நாங்க இல்ல" என்பார்கள். தலைநகரம் "வானிலை" என்று சொல்லும். வானிலைக்கு எப்போது துப்பாக்கி கொடுத்தார்கள் என்று ஒருவனும் கேட்க மாட்டான். அவன் வேலை செய்த கம்பெனி அவன் பெண்டாட்டிக்கு ஒரு பூச்செண்டு அனுப்பிவிட்டு மறுநாளே அடுத்த ஆளை அதே தடத்துக்கு ஏற்றிவிடும்.

மரியாலை ஏற்றினார்கள். எட்டுப் பேர் பின்னால் தள்ளினார்கள், ஒருவன் முன்னால் நின்று உப்பைக் காட்டினான். உள்ளே போனதும் காளை விமானிக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தது. ஆமாம், உட்கார்ந்தது. ஒரு கொம்பு இந்தச் சன்னல் வழியே, ஒரு கொம்பு அந்தச் சன்னல் வழியே. விமானத்துக்கு இன்னொரு ஜோடி இறக்கை முளைத்தது மாதிரி இருந்தது.

"பாத்தியா மருமகனே, கொம்பு முளைச்சிடுச்சு. பொண்ணு உனக்குத்தான்" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

அப்போதுதான் நான் கமாண்டரிடம் கேட்டேன். "மயோலு, நீ எங்க உக்காரப் போற?"

"நான் எதுக்கு மாமா உக்காரணும்? காளதான போகுது."

"காள அங்க போய்த் தன்னப் பத்தித் தானே பாடிக்குமா? பொண்ணு வீட்டு வாசல்ல ரெண்டு கையையும் கொம்பு மாதிரி தூக்கிட்டு யாரு பாடுவா? இந்தக் கென்யாக்காரனா? அப்புறம் பொண்ண அவனுக்கே குடுத்துடப் போறாங்கய்யா."

சிப்பாய்கள் சிரித்துவிட்டார்கள். பாட்டுக்காளை படி தாண்டிப் போகும்போது கூடப் போகாத ஆணை எங்கள் பக்கத்தில் பெண்கள் தங்களோடு பால் கறக்கத்தான் கூப்பிடுவார்கள்; அது பெண்கள் வேலை. மயோலுக்குச் சுருக்கென்றது. துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, காளைக்குப் பின்னால் ஏறி உப்பு மூட்டை மேல் உட்கார்ந்தான்.

முசெம்பி என்னைப் பார்த்தான். நான் ஆகாயத்தைப் பார்த்தேன். அவனுக்குப் புரிந்துவிட்டது, கெட்டிக்காரன்.

"சார், கிளம்பலாமா?" என்று மரியாதையாகக் கேட்டான். "காத்து இப்பிடி அடிக்குது, அதனால ஆத்து மேலதான் திரும்பணும். உங்க பசங்க சுட மாட்டாங்கல்ல?"

"நான் வேணாம்னா எவன் சுடுவான்?"

"அதில்ல சார். நீங்க மேல இருப்பீங்களே. கீழ யாரு வேணாம்னு சொல்லுவா?"

கமாண்டர் சன்னல் வழியே எட்டிப் பார்த்தான். கீழே அவனுடைய துணைத்தளபதி, நான்கு வருடமாக அந்தப் பதவிக்குக் காத்திருப்பவன், இயந்திரத் துப்பாக்கிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அவன் சிரித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அன்றைக்குப் பல் தெரியச் சிரித்துக்கொண்டே சொன்னான்: "தைரியமாப் போய்ட்டு வாங்க கமாண்டர். இங்க நான் பாத்துக்கிறேன்."

மயோல் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். "மாமா, எனக்கு வயித்த வலிக்குது" என்றான்.

"ஏன்டா, இவன் வாராவாரம் இதே வானத்துல வர்றான். இவனுக்கு மட்டும் வயிறு இல்லியா?" என்று கத்தினேன். "வேலி போட்டவனும் மேல ஏற மாட்டான், சுடச் சொன்னவனும் மேல ஏற மாட்டான். பாதுகாப்புன்னு எழுதின பலகையக் கீழ நட்டு வச்சிட்டு அடுத்தவனத்தான் மேல அனுப்புவீங்க!"

மயோல் இறங்கிவிட்டான். காளையையும் இறக்கச் சொன்னான். மரியாலுக்குத்தான் மனமில்லை. இருக்கை மெத்தென்று இருந்தது. வானொலிப் பெட்டியின் ஒலிவாங்கி மேல் தாடையை வைத்துக்கொண்டு, ஊரே அதிர "ம்ம்ம்மாஆஆ" என்று கத்தியது. உடனே தலைநகரத்தில் இருந்து பதில் வந்தது: "புரிந்தது. ஓடுதளம் காலியாக இருக்கிறது. பயணம் பாதுகாப்பானது."

அதைக் கேட்டுத்தான் காளையே வெறுத்துப்போய் இறங்கியது.

உப்பும் மருந்தும் இறங்கின. சக்கரத்து ஓட்டையில் வேப்பம் பிசினை அடைத்தோம். பெண்கள் வேலியைப் பிடுங்கி அதே முள்ளை எரித்துக் கெளுத்தி மீனுக்கு இரண்டாம் கொதி வைத்தார்கள். மயோல் தானே ஓடிப்போய் இயந்திரத் துப்பாக்கியின் மேல் உட்கார்ந்துகொண்டான். முசெம்பி ஆற்றின் மேல் திரும்பி, இறக்கையை ஒருமுறை எனக்காக ஆட்டிவிட்டு, தெற்கே போனான். அவன் கண்ணுக்கு மறைவதற்குள் மாடுகள் தடத்துக்குத் திரும்பி மேயத் தொடங்கிவிட்டன.

என் மாடுகளின் மடி வற்றினால் வற்றட்டும், உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: அன்றைக்கு முசெம்பியின் விமானம் வெறும் தடத்தைப் பார்த்து ஆற்றுப் பக்கம் திரும்பியது, அங்கேயே எரிந்து விழுந்தது, சேற்றில் இருந்து அவன் உடலை எடுத்து வந்து புதைத்தவன் நான்.