கொற்றனைக் கொன்றவன்

பக்கத்து வீட்டுக்காரன்மேல் பொறாமை வரும். கூட வேலை செய்பவன்மேல் வரும். கூடப் பிறந்தவன்மேல்கூட வரும். அதிலெல்லாம் ஏதோ ஒரு நியாயம் இருக்கிறது. ஃபேரர் பார்க் பெர்னார்டுக்கு வந்ததோ, இந்த உலகத்தில் இல்லவே இல்லாத ஒருவன்மேல். அதிலும் அவனை உண்டாக்கியவன் இதே பெர்னார்ட்தான்.

சிங்கப்பூர், எழுபத்தெட்டாம் வருடம். பூன் லேயில் டிரான்சிஸ்டர் ரேடியோ செய்யும் ஒரு தொழிற்சாலையில் பெர்னார்ட் ஸ்டோர் கிளார்க். விடியற்காலையில் ஃபேரர் பார்க்கிலிருந்து கம்பெனி பஸ் கிளம்பும். முன் வரிசைகளில் தமிழர்கள், பின்னால் சீனப் பெண்களும் மலாய்க்காரர்களும். ஏறிய உடனே எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவார்கள். தூங்காத ஆள் டிரைவர் வேலாயுதம் ஒருவர்தான். இன்னொரு ஆளும் உண்டு. பெர்னார்ட். அவன் தூங்காததற்குக் காரணம், அவனுக்கு முன் சீட்டில் அற்புதமேரி உட்கார்ந்திருப்பாள்.

அற்புதமேரி சர்க்யூட் பலகைகளில் ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் பிரிவில் இருந்தாள். பெர்னார்ட் போகிற அதே மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்குப் பாடுவாள். இரண்டு வருடமாக அவளை மனதுக்குள் வைத்துக்கொண்டு பெர்னார்ட் செய்த சாதனை, "மழை வர்ற மாதிரி இருக்குல்ல" என்று மூன்று தடவையோ நான்கு தடவையோ சொன்னதுதான். அவளும் வெளியே பார்த்துவிட்டு, "ஆமாண்ணே" என்பாள். அதோடு சரி. பேசத் தெரியாதவன் என்று இல்லை. அவன் வாய் வேலை செய்கிற இடம் வேறு.

ஒரு நாள் புக்கிட் தீமா சாலையில் கால்வாய் பொங்கி, பஸ் நகரவே முடியாமல் நின்றது. வேலாயுதம் கொட்டாவி விட்டுவிட்டு, யாராவது ஏதாவது பேசுங்கள், இல்லையென்றால் ஸ்டியரிங்கிலேயே படுத்துவிடுவேன் என்று மிரட்டினார். என்ன தோன்றியதோ, பெர்னார்ட் வாயைத் திறந்தான். ஏழு கோட்டை நாடு என்று ஒரு நாடு, அங்கே கல்தின்னி என்று ஒரு மிருகம், ராத்திரியில் வந்து கோட்டை மதிலைக் கடித்துத் தின்றுவிட்டுப் போகும் என்று ஆரம்பித்தான். அக்காவின் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போது அவிழ்த்துவிடுகிற சரக்குதான். அந்தக் கோட்டைப் படையில் புதிதாகச் சேர்ந்த ஒரு விடலைப் பையன், பெயர் கொற்றன். மீசை சரியாக முளைக்கவில்லை, அதற்குள் முறுக்குவதற்கு அதில் இடம் தேடுவான். வாளை உறையில் போடமாட்டான். ஏனடா என்று தளபதி கேட்டால், "என் வாளுக்குத் தூக்கம் வருவதில்லை, எதற்குப் படுக்கை?" என்பான்.

பஸ் சிரித்தது. துப்புரவு வேலை செய்யும் பூவம்மா, "பேச்சைப் பாரு அந்தப் பயலுக்கு" என்று தொடையில் தட்டினார். அற்புதமேரி திரும்பி உட்கார்ந்தாள். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவள் முகம் முழுதாகப் பெர்னார்டுக்கு எதிரில் இருந்தது. அன்றைக்குத் தண்ணீர் வடியாமலே இருந்திருக்கலாம் என்று அவன் நினைத்தான்.

அதன்பிறகு தினமும் கதை. பஸ் கிளம்பி ரோச்சோர் கால்வாயைத் தாண்டினால் எல்லோரும் "ம்" என்பார்கள். தொழிற்சாலை வாசல் தெரிந்ததும் பெர்னார்ட் நிறுத்திவிடுவான். கொற்றன் தன்னைவிட இரண்டு மடங்கு இருந்த மல்லனைச் சண்டைக்கு இழுத்தான். கல்தின்னியை இடுப்புக் கச்சையால் கட்டி இழுத்து வந்து ராஜாவின் தோட்டத்தில் மேயவிடப்போவதாகச் சந்தை நடுவில் சத்தியம் செய்தான். கொஞ்சம்கூட அடக்கம் இல்லாத பயல். ஊரே அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது, பஸ்ஸும் ஆடியது.

அற்புதமேரி காலையில் ஏறியதும் கேட்கிற முதல் கேள்வி, "இன்னிக்கு கொற்றன் என்ன செய்யப்போறான்?" என்பதுதான். பெர்னார்டுக்கு முதலில் அது தேனாக இருந்தது. போகப்போகத்தான் உறைத்தது. ஒரு தடவை அவனுக்கு மூன்று நாள் காய்ச்சல். நான்காம் நாள் இருமிக்கொண்டே பஸ் ஏறினான். உடம்பு எப்படி இருக்கிறது என்று பூவம்மா கேட்டார், வேலாயுதம் கேட்டார். அற்புதமேரி, "அந்த மல்லன் கத்தி வெச்சிருந்தானே, கொற்றனுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டாள். இன்னொரு நாள் வீட்டில் செய்த பால் ஆப்பம் கொண்டு வந்து எல்லோருக்கும் கொடுத்தாள். பெர்னார்ட் கையில் ஒன்றை வைத்துவிட்டு, கொற்றன் மட்டும் இங்கே இருந்தால் நாலு ஆப்பத்தை ஒரே வாயில் போடுவான் என்று சொல்லிச் சிரித்தாள். பெர்னார்ட் அந்த ஆப்பத்தைப் பின் சீட்டுக்காரரிடம் நீட்டிவிட்டான்.

வயிறு எரிந்தது. இதை வேறு எப்படிச் சொல்வது? கண்ணாடியில் முகம் பார்த்தால் கொற்றன் ஞாபகம் வந்தது. தன் மீசை நன்றாக வளர்ந்த மீசை, யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பாட்டுக் குழுவில் அவளுக்குப் பக்கத்தில் நின்று பாடுகிற ஆண்கள் மேல்கூட அவனுக்கு இப்படி வந்ததில்லை. அவர்களோடு போட்டி போடலாம். இவனோடு எப்படிப் போட்டி போடுவது? நான் மூச்சு விட்டால்தான் இந்தப் பயலுக்கு மூச்சு, ஆனாலும் அவள் பார்ப்பது இவனை என்று புலம்பினான். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தான். வாய் என்னுடையது. பயலை என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

அடுத்த வாரம் கொற்றனுக்கு ஏழரை பிடித்தது. வாள்போட்டியில் ஊர் பார்க்க மண்ணைக் கவ்வினான். குதிரையிலிருந்து சாணிக் குழியில் விழுந்தான். தளபதி அவன் வாளைப் பிடுங்கிக்கொண்டு லாயம் கூட்ட அனுப்பினார். பெர்னார்ட் ஒவ்வொன்றையும் ருசித்து ருசித்துச் சொன்னான். பஸ் விழுந்து விழுந்து சிரித்தது. அற்புதமேரி மட்டும் சிரிக்கவில்லை. "பாவம், சின்னப் பையன். பேசத்தானே செஞ்சான்" என்றாள். அவள் குரலில் இருந்த பரிவைக் கேட்டுப் பெர்னார்டுக்கு இன்னும் எரிந்தது.

அன்று சாயங்காலம் இறங்கும்போது வேலாயுதம் அவனைப் பார்த்துக் கண்ணடித்தார். "நீ அவனைப் போட்டு அடிக்க அடிக்க, அந்தப் பொண்ணு அவன் பக்கம்தான் சாயுது லா. யாரு மேல உனக்குக் கோவம்?" என்று கேட்டார். பெர்னார்ட் கேட்காத மாதிரி இறங்கிப் போய்விட்டான்.

அடிப்பது போதாது, அசிங்கப்படுத்த வேண்டும் என்று தோன்றியது. மறுநாள் கல்தின்னி வந்தது. மதிலின் உடைப்பில் கொற்றனும் அவன் தோழன் மாறனும் காவல். மிருகம் வாயைத் திறந்ததும், அத்தனை வாய்ச்சவடால் அடித்த கொற்றன் ஈட்டியைப் போட்டுவிட்டு ஓடினான். மாறன் ஓடவில்லை. விடிந்து பார்த்தால் உடைப்பில் மாறனுடைய ஒற்றைச் செருப்பு மட்டும் கிடந்தது.

பெர்னார்ட் அற்புதமேரியின் முகத்தைப் பார்த்தான். வெறுப்பு வந்திருக்க வேண்டும், வரட்டும் என்று காத்திருந்தான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இப்போதுதான் சரி என்று அவன் நிம்மதியாக ஸ்டோருக்குப் போனான். அன்று முழுக்க அவன் விசிலடித்துக்கொண்டே இருந்தது அங்கே எல்லோருக்கும் ஆச்சரியம்.

ஓடியவனை முழுக்க முடித்துவிட, அடுத்த நாள் அவனை மாறனின் தாய் வீட்டுக்கே அனுப்பினான். ஊரே கூடி நிற்கிறது. அந்தத் தாய் வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். ஊர் கொற்றனுக்கு ஒரு வழி வைத்திருந்தது. தளபதி கூப்பிட்டார், அதனால் போனேன் என்று சொல்லிவிடு, யாரும் கேட்கமாட்டார்கள் என்று பெரியவர் ஒருவர் காதில் சொன்னார். அவனும் அதையே சொல்வான், பொய்யனும் ஆவான். பெர்னார்ட் போட்ட திட்டம் அது. ஆனால் சொல்லிக்கொண்டு வரும்போது அவன் வாய் வேறு பக்கம் போய்விட்டது. கொற்றன் அந்தத் தாயின் முன்னால் மண்டியிட்டான். "அம்மா, உங்கள் மகன் நின்றான். நான் ஓடினேன். எனக்குப் பயமாக இருந்தது" என்றான்.

ஏன் அப்படிச் சொன்னான் என்று பெர்னார்டுக்கே தெரியவில்லை. பூவம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அற்புதமேரி தொழிற்சாலை வாசலில் இறங்கியதும் அவனுக்காக நின்றாள். "நல்லா சொன்னீங்க" என்றாள். வழக்கமாக வருகிற 'அண்ணே' அன்றைக்கு வரவில்லை. பொறாமை பிடித்த காதுக்கு அது எங்கே கேட்கப்போகிறது? நல்லா சொன்னீங்க என்றால் கொற்றன் நல்லவன் என்று அர்த்தம், அவ்வளவுதான் அவனுக்கு விளங்கியது.

கொற்றன் அன்றிலிருந்து வேறு ஆளாகிவிட்டான். பெர்னார்ட் எவ்வளவு இழுத்தும் பழைய சவடால் அவன் வாயில் ஒட்டவில்லை. மாறன் வீட்டுக்குத் தண்ணீர் சுமந்தான். தெரியாததைத் தெரியாது என்றான். உடைப்புக் காவலுக்கு யாரும் போகாத நாளில் தானாகப் போய் நின்றான். அற்புதமேரி இப்போது கதையை முகவாயில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். கேட்கும்போது பெர்னார்டின் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாண்டி அவள் கொற்றனைப் பார்க்கிறாள் என்று பெர்னார்ட் முடிவு கட்டினான். வாய்க்கொழுப்புப் பிடித்த பயலாக இருந்தபோதே அவ்வளவு பிடித்தது. இப்போது ஆண்பிள்ளையாகவே ஆகிவிட்டான். இனி தன் பக்கம் அவள் எப்போது திரும்புவாள்?

ஒரு வெள்ளிக்கிழமை அவனைக் கொன்றுவிட்டான். அதுவும் ஒரு வீரச் சாவு கொடுக்கவில்லை. கல்தின்னி வரவே இல்லை. தளர்ந்திருந்த மதில் கல் ஒன்று சரிந்து, தூங்கிக்கொண்டிருந்த கொற்றன் தலையில் விழுந்தது. முடிந்தது கதை, இனி வேறு கதை என்று கையைத் தட்டினான். வேலாயுதம் பிரேக்கைக் கொஞ்சம் பலமாகவே மிதித்தார்.

அன்று வேலை முடிந்து பஸ்ஸுக்கு வரும் வழியில், கேண்டீன் பக்கத்துச் சுவரோரம் அற்புதமேரி தனியாக நின்றாள். பெர்னார்ட் தலைமுடியைக் கோதிக்கொண்டு கிட்டே போனான். பயல் ஒழிந்தான், பாதை திறந்துவிட்டது என்றே நினைத்தான்.

"அவனை ஏன் கொன்னீங்க?" என்று கேட்டாள்.

பெர்னார்ட் சிரித்தான்.

"விளையாட்டுக்குக் கேக்கல" என்றாள். "வீட்டுல ஈப்போ ஊரு மாப்பிள்ளை ஒருத்தரைப் பாத்திருக்காங்க. ரெண்டு மாசமா பதில் சொல்லாம இழுத்துக்கிட்டு இருக்கேன். அந்த அம்மா முன்னாடி போயி, பயமா இருந்துச்சு, ஓடிட்டேன்னு சொன்னான்ல. அது உங்க வாயிலேருந்துதானே வந்துச்சு. அவன் நீங்கதான்னு நெனைச்சேன்."

அவனுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. பொறாமை. உனக்கு அவனைப் பிடித்துவிட்டது என்று எனக்குப் பொறாமை. அது நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் இல்லாத ஒருவன்மேல் பொறாமைப்பட்டேன் என்று ஒரு ஆண்பிள்ளை எப்படிச் சொல்வான்? அவள் சிரித்துவிட்டால்? கொற்றனுக்கு இல்லாமல் போன அந்தக் கெத்து எங்கிருந்தோ பறந்து வந்து பெர்னார்ட் தோளில் உட்கார்ந்தது. கையைப் பாண்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டான்.

"அட, எல்லாம் சும்மா பொழுதுபோக்கு லா. நாளைக்கே இதைவிடப் பெரிய வீரன் ஒருத்தனைக் கொண்டாந்துடறேன்" என்றான்.

அவள் கொஞ்ச நேரம் அவன் முகத்திலேயே எதையோ தேடினாள். பிறகு சரி என்று தலையாட்டிவிட்டு பஸ்ஸை நோக்கி நடந்தாள். அன்று அவள் கடைசி வரிசையில், சீனப் பெண்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்தாள்.

அடுத்த மாதம் கோயிலில் ஓலை வாசித்தார்கள். கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிறு பூசையில் மணமக்கள் பெயரைச் சொல்லி, தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று சாமியார் அறிவிப்பது வழக்கம். சிங்கப்பூர் அற்புதமேரி, ஈப்போ எட்மண்ட். முதல் ஞாயிறு பெர்னார்ட் நடு பெஞ்சில் இருந்தான். பூசை முடிந்ததும் அவளிடம் போய், அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான். சொல்லவில்லை. அந்த எட்மண்ட் எப்படி இருப்பான், மீசை வைத்திருப்பானா என்று யோசித்தபடியே வீட்டுக்குப் போனான். இரண்டாம் ஞாயிறு அவள் மாடியில் பாட்டுக் குழுவோடு நின்று பாடினாள். இறங்கி வரும் படிக்கட்டு வரைக்கும் போய் நின்றான். அவள் இறங்கி வரும் செருப்புச் சத்தம் கேட்டதும், அவசர வேலை இருக்கிறவன் போல மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

மூன்றாம் ஞாயிறு அவனுக்குத் தெரிந்துபோயிற்று. பொறாமை இன்னும் உள்ளே அப்படியே எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் ஈப்போக்காரன்மேல் அதில் பாதிகூட இல்லை. மண்டியிட்டு, எனக்குப் பயமாக இருந்தது என்று ஊர் நடுவில் சொல்ல முடிந்ததே அந்தப் பயலுக்கு, அவன்மேல்தான் முழுவதும். சாமியார் பெயர்களைப் படித்துவிட்டு, தடை ஏதும் தெரிந்தவர்கள் உண்டா என்று நிறுத்தினார். கோயில் அமைதியாக இருந்தது. கொற்றன் ஒரே ஒரு தடவைதான் ஓடினான். பெர்னார்ட், பெஞ்சைக் கெட்டியாகப் பிடித்து உட்கார்ந்தபடியே, மூன்றாம் தடவையாக ஓடினான்.