பலப்பம் தின்ற பேபி

1

இந்தக் கதை ஒரு திருட்டில் தொடங்குகிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது என்று லோகநாதன் நினைக்கிறார். இதை எழுதுகிறவரும் அவர்தான். ‘நான்’ என்று எழுதினால் தன் பக்கமே சாய்ந்துவிடுவோம் என்ற பயத்தில், தன்னை வேறு யாரோ போல எழுதிப் பார்க்கிறார்.

பாடியில் ஒரு தொழிற்சாலையில் அவர் டைம்கீப்பர். சிறுவர் பத்திரிகை ஒன்றில் மாதம் ஒரு கதை எழுதுவார். 1966 ஆடியில் வந்த கதையில், நாக்கு ருசிக்காக சிலேட்டுப் பலப்பத்தைக் கடித்துத் தின்னும் இளவரசி ஒருத்தி, வயிற்றுவலி வந்து திருந்துவாள். நிஜத்தில் பலப்பம் தின்பது அவர் தங்கை அன்னம்மாளின் மகள் பேபி. ஒன்பது வயது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, அவர் காதில் மட்டும் சொன்ன ரகசியம் அது.

2

‘ஆவடி ஏரிமேல் அந்தி சாய்ந்துகொண்டிருந்தபோது தபால்காரர்...’

(அந்தி எதற்கு? பேபியின் கார்டு வந்தது பட்டப்பகலில்.)

அதில் இருந்தது இவ்வளவுதான்:

‘மாமாவுக்கு பேபி எழுதுவது. உன் கதையை டீச்சர் கிளாஸில் படித்தார்கள். நான் பலப்பம் தின்பதைப் பக்கத்தில் உட்காரும் தாயம்மா பார்த்திருக்கிறாள். இப்போது எல்லாரும் என்னை இளவரசி என்று கேலி செய்கிறார்கள். நாலு நாளாக நான் பள்ளிக்கூடம் போகவில்லை. இனிமேல் உன்னிடம் ஒன்றும் சொல்ல மாட்டேன்.’

3

ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை மிதித்துத் தங்கை வீடு இருக்கும் கோவில்பதாகைக்குப் போனார். அன்னம்மாள் தண்ணீருக்குப் போயிருந்தாள். பேபி வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

“அது சும்மா கதை, பாப்பா. அந்த இளவரசி வேற, நீ வேற.”

“வேறதான். அவ ருசிக்குத் தின்னா.”

“நீ?”

பேபி காலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “பசிக்கு. நைனா வேல செய்யற கம்பெனிய மூடி மூணு மாசம் ஆவுது. மத்தியானம் ஊட்ல அடுப்பு பத்த வெக்கறதில்ல. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லிக்கீது.”

அவர் நெஞ்சு வெடித்த...

(வெடிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. அன்றைக்கு அவள் காதில் சொன்னபோது ‘ஏன் தின்கிறாய்’ என்று ஒரு வார்த்தை அவர் கேட்கவில்லை. கதை கிடைத்த சந்தோஷத்தில் எழுந்து போய்விட்டார்.)

அன்னம்மாள் குடத்தோடு வந்தாள். இருவர் முகத்தையும் பார்த்தாள். குடத்தை இறக்காமலே, “சொல்லிட்டாளா?” என்றாள். பிறகு, “இதையும் எழுதிடாதே அண்ணே. எங்க மானம் போயிடும்.”

“எழுது மாமா,” என்றாள் பேபி. “இளவரசின்னு எழுதாதே. பசின்னு எழுது.”

4

முடிவுகளைப் பல விதமாக எழுதிப் பார்த்தார்.

லோகநாதன் பேபியின் வகுப்புக்குப் போய், பிள்ளைகள் எதிரில் ஒரு முழுப் பலப்பத்தைக் கடித்துத் தின்கிறார். எல்லாரும் கைதட்டுகிறார்கள். (நடக்கவில்லை. அந்தத் தைரியம் அவருக்கு இல்லை.)

கம்பெனியைத் திறக்கிறார்கள். (இதை எழுதும் நாள் வரை திறக்கவில்லை.)

நடந்தது வேறு. மறுநாள் சாயங்காலம் சைக்கிள் கேரியரில் அரிசிப் பையைக் கட்டிக்கொண்டு போனார். அன்னம்மாள் வாங்கி உள்ளே வைத்தாள். காலிப் பையை அவர் சைக்கிளில் மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். செவ்வாய்க்கிழமை பேபி பள்ளிக்கூடம் போனாள். கேலி நிற்கவில்லை.

“இளவரசின்னு கூப்டாங்க,” என்றாள். “நான் திரும்பிப் பாக்கல.”

5

அச்சுக்குப் போகும் முன்னால் இந்தக் காகிதங்கள் கோவில்பதாகைக்குப் போகின்றன. எந்தப் பகுதியை அன்னம்மாள் வேண்டாம் என்கிறாளோ அதை எடுத்துவிடுவதாக லோகநாதன் எழுதிக் கொடுத்திருக்கிறார். முழுவதையும் வேண்டாம் என்றாலும் சரி.

ஆனால் அன்னம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. பேபிதான் படித்துக் காட்ட வேண்டும்.

உங்கள் கையில் இருக்கும் கதையில், பசி என்று எழுதிய மூன்றாம் பகுதி இருக்கிறதா? இருந்தால், அன்னம்மாள் அதைக் கேட்டுவிட்டுச் சரி என்று சொன்னாளா, இல்லை பேபி அந்தப் பக்கத்தைப் படிக்காமல் புரட்டிவிட்டாளா? எழுதலாமா என்று லோகநாதன் இந்த முறை கேட்கத்தான் நினைக்கிறார். யாரிடம் கேட்பது என்று நீங்கள் சொல்லுங்கள்.