சட்டை போடாத கோட்டை

அடுப்பு மேடையில் தினமும் காலையில் வெள்ளைத் தூள் கிடந்தது.

மாவு இல்லை, மாவு டப்பாவை நான் அந்தப் பக்கம் வைப்பதில்லை. கறையான் மண்ணும் இல்லை. அது செந்நிறமாக இருக்கும். சுண்ணாம்பாக இருக்கலாம் என்று விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது. ராஜபாளையத்துக்கும் கடலுக்கும் வெகு தூரம். எங்கள் சமையலறைச் சுவர் எதற்காக உப்பைத் துப்ப வேண்டும்?

முப்பத்தொரு வருடம் பள்ளியில் அறிவியல் டீச்சராக இருந்தவள் நான். பிளம்பரைக் கூப்பிட்டேன். அந்தச் சுவருக்குள் பைப்பே ஓடவில்லை என்றார். மழை பெய்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒரு பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டினேன். தாளின் வெளிப்பக்கம் நீர் கோத்தால் ஈரம் சமையலறைக் காற்றிலிருந்து வருகிறது. உட்பக்கம் கோத்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. மறுநாள் உட்பக்கத்தில் பொடிப் பொடியாக நீர்த்துளிகள். ஆக, சுவருக்குள் ஈரம் இருக்கிறது. அது வரைக்கும்தான் என்னால் போக முடிந்தது. மாமனார் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய வீடு. அறுபது வருடம் காய்ந்தே நின்ற சுவர் இந்த வருடம் மட்டும் ஏன் இப்படி ஆனது என்று புரியவில்லை.

தூளோடு பூச்சும் சில்லுச் சில்லாக உதிர்ந்தது. அந்தப் பூச்சின் மேல்தான் ஜெர்வின் எழுதியிருந்தான்.

ஜெர்வின் எங்கள் ஒரே மகன். எட்டாம் வகுப்புப் படிக்கும்போது, கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியைச் சுவரில் எழுத ஆரம்பித்தான். ஒரு சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது என்று பார்க்க வேண்டுமாம். முதல் தேதி அடுப்பு மேடைக்கு ஒரு சாண் மேலே. அதற்கு மேல் அடுத்தது. தேதிக்குப் பக்கத்தில் குறிப்பு வேறு. ‘கிறிஸ்மஸ், 29 நாள்தான்.’ ‘அம்மாவுக்குக் காய்ச்சல், 51 நாள்.’ ராணுவத்தில் சேர்ந்த பிறகு போனில் என்னிடம் தேதி கேட்டுக் குறித்துக்கொண்டு, லீவில் வந்ததும் மொத்தமாக எழுதுவான். எட்டு மாதத்துக்கு முன்னால் மலைப்பாதையில் அவன் போன லாரி கவிழ்ந்தது. அதற்குப் பிறகு மாற்றிய சிலிண்டர்களின் தேதி எங்கேயும் இல்லை.

உதிர்வு கீழிருந்து மேலே ஏறியது. 2011 முழுவதும் போய்விட்டது. 2012இல் பாதி போய்விட்டது. போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் பேனாவை அழுத்தி எழுதும் பழக்கம் அவனுக்கு. பூச்சில் பள்ளம் விழுந்திருக்கும். விரலை ஓட்டினால் தெரியும். போட்டோவில் அது தெரியாது. உதிர்ந்த தூளைக் கூட்டி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்தேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

என் கணவர் தேவஇரக்கம் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் பேசுவதும் சாப்பிடுவதும் குறைந்துவிட்டது என்று டாக்டர் சொன்னதில் இருந்து, சனிக்கிழமைதோறும் என்னைக் காரில் எங்காவது கூட்டிப் போனார். கட்டடம் எப்படி நிற்கிறது என்று பார்ப்பது எனக்குப் பிடிக்கும் என்பதால் பழைய அரண்மனை, பழைய கோட்டை. முதலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் நாயக்கர் மகால். வளைவு ஏன் விழுவதில்லை என்று அவருக்குச் சொன்னேன். ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டைத் தள்ளுவதால் பாரம் இரண்டு பக்கமும் பிரிந்து தூணில் இறங்குகிறது என்றேன். வேறு யாரோ பாடம் நடத்துவதைக் கேட்பது போல இருந்தது. திரும்பும்போது பால்கோவா வாங்கினார். அது ஃபிரிட்ஜிலேயே இருந்து கெட்டுப்போனது.

ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அவர் வீட்டுக்கு வெளியே ஒரு நிமிடம் நிற்பார். சமையலறையின் வெளிச்சுவர் தெருவைப் பார்த்தது. மகனை அடக்கம் செய்த மாதமே அந்தச் சுவர் முழுக்கச் சிமெண்ட் பூசவைத்து, நடுவில் கறுப்புக் கிரானைட் கல் பதித்திருந்தார். பெயர், படை எண், இரண்டு தேதிகள். கைக்குட்டையால் கல்லைத் துடைத்துவிட்டுத்தான் காரில் ஏறுவார்; திரும்பி வந்ததும் இன்னொரு முறை துடைப்பார். வீட்டுக்குள் சமையலறைப் பக்கம் மட்டும் அவர் வருவதே இல்லை. காபியை முன்னறைக்குக் கொண்டு போய்க் கொடுப்பேன்.

மூன்றாவது சனிக்கிழமை தேவதானத்துக்கு மேற்கே மலையடியில் இருக்கும் மொட்டைக்கோட்டைக்குப் போனோம். ஒரு சின்னப் பாளையக்காரர் கட்டிய மண்கோட்டை. மதில் பெரும்பாலும் கரைந்துவிட்டது. இரண்டு மூலைக் கொத்தளங்கள் மட்டும், உள்ளே ஆள் நுழைகிற மாதிரி அறையோடு, நின்றன. சுவரின் கனம் ஆறடி இருக்கும். உள்ளே மண், மேலே தோல் மாதிரி சுண்ணாம்புப் பூச்சு.

“மண்ணுல கட்டி எப்படி பீரங்கியத் தாங்குச்சாம்?” என்றார் அவர்.

“கல் சுவர்ல குண்டு பட்டா வெடிச்சுப் போகும். மண்ணு குண்ட உள்ள வாங்கிக்கிடும். அங்கயே வச்சுக்கிடும்.”

“நாங்க மணல் மூடை அடுக்குற மாதிரியா?”

“அதேதான்.”

ஒரு கொத்தளத்தின் முன்னால் சின்னப் பீடம் ஒன்று இருந்தது. அதைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். அங்காளம்மாள் என்று பெயர் சொன்னாள். ஐம்பது வயது இருக்கும்.

“எந்தூரு?”

“ராஜபாளையம்.”

“உங்க ஊர்ல நாயிதான பேரு வாங்குனது. கோட்டைக்கு எங்க ஊருதான்னு வந்துட்டீகளாக்கும்.” என் கணவரைத் தலை முதல் கால் வரை அளந்தாள். “அவிய மிலிட்டரியா? வெயில்ல கூட வெறைப்பாத்தான நிக்காக.”

அவர் சிரித்துவிட்டுக் கைகளைத் தளர்த்திக்கொண்டார்.

“பீடத்துல யாரு?” என்று கேட்டேன்.

“ராசாவோட தம்பி. சண்டையில விழுந்துட்டாரு. எரிக்கவும் இல்ல, பொதைக்கவும் இல்ல. சொவத்துக்குள்ள நிக்க வச்சு, அப்படியே பூசிட்டாக. இன்னமும் உள்ள நின்னு காவல் காக்காரு. மூடிக்கெடந்தா வேர்க்கும்லா? அந்த வேர்வ வெளிய போகணும். அதுனாலதான் இந்தக் கோட்டை சட்டை போடாது.”

“சட்டையா?”

“அந்தா இருக்குல்லா, அதுக்குப் போட்டுப் பார்த்தாக.” எதிர் மூலைக் கொத்தளத்தைத் துடைப்பத்தால் காட்டினாள். “கோயில் கொடைக்கு அழகா இருக்கட்டும்னு ஊரே சேந்து சிமெண்டு பூசுச்சு. எம்புட்டு மூடை! வெளிய பாருங்க, பளபளன்னு அப்படியேதான் இருக்கு. செத்த நேரம் உள்ள போயிப் பாருங்க. பொறவு வந்து சொல்லுங்க.”

குனிந்து உள்ளே நுழைந்தோம். அறைக்குள் முழங்கால் உயரத்துக்கு மண் சரிந்து கிடந்தது. உட்சுவரில் பூச்சே இல்லை. மண்ணின் மேல் பனி பெய்தது போல வெள்ளைத் தூள். விரலில் எடுத்து நாக்கில் வைத்தேன்.

“ஏட்டி! கோட்டை பாக்கக் கூட்டியாந்தா நக்கிப் பாக்குற!”

அதே உப்பு.

பீடம் இருந்த கொத்தளத்துக்குத் திரும்பி ஓடினேன். அதற்கு யாரும் சிமெண்ட் பூசவில்லை. வெளியே அடிப்பகுதியில் வெள்ளைக் கோடு படர்ந்திருந்தது. தொட்டால் கையோடு வந்தது. உள்ளே அறைச் சுவர் காய்ந்து, முழுசாக நின்றது. எவனோ கரிக்கட்டையால் ஒரு பெண்ணின் பெயரும் தன் பெயரும் எழுதி 1994 என்று போட்டிருந்தான். ஒரு எழுத்துக்கூட உதிரவில்லை.

விடை கிடைத்துவிட்டது. பாடம் நடத்தும்போது அந்த இடத்தில் எனக்குக் குரல் உயரும். இப்போது எதுவும் உயரவில்லை. வெளியே அங்காளம்மாளிடம் பேசிக்கொண்டிருந்த அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும் வழியில் தளவாய்புரம் பக்கம் டீக்கடையில் நிறுத்தினார். நான் ஒரு ரஸ்க்கை எடுத்து, அதன் நுனி மட்டும் டீயில் படும்படி பிடித்தேன்.

“பாருங்க. நுனிதான் டீக்குள்ள இருக்கு. ஈரம் எங்க நிக்குது?”

“மேல ஏறிருச்சு.”

“செங்கல்லும் இந்த மாதிரிதான். தரையில இருக்க ஈரத்த மேல இழுக்கும். மண்ணுல இருக்க உப்பும் கூட ஏறும். நம்ம வீட்டுச் சுவரு அறுபது வருசமா இழுத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கு. வெளிப்பக்கம் வெயிலும் காத்தும் அடிக்கும், அந்தப் பக்கமாவே காஞ்சு போயிரும். நமக்குத் தெரியல. இப்ப அந்தப் பக்கத்த அடைச்சாச்சு. ஈரம் சமையக்கட்டுப் பக்கமா வெளிய வருது. தண்ணி காஞ்சு போகுது, உப்பு போக முடியாது. பூச்சுக்குப் பின்னாடி பரலு பரலா வளந்து, பூச்சத் தள்ளி விடுது.”

அவர் டீயைக் கீழே வைத்தார். “எத வச்சு அடைச்சாச்சு?”

ரஸ்க் ஊறி டம்ளருக்குள் விழுந்தது.

“அந்தக் கல்லுக்கு எத்தன தடவ நடந்தேன் தெரியுமாட்டி?”

“தெரியும்.”

“பேர்ல ஒரு புள்ளி விட்டுட்டான்னு திரும்ப வெட்ட வச்சேன்.”

“தெரியும்.”

“தெருவுல போறவுக அம்புட்டுப் பேரும் நின்னு வாசிச்சுட்டுப் போறாக. எடுத்தா என்ன சொல்லுவாக? மகன் பேர அப்பனே பேத்துட்டான்னு சொல்ல மாட்டாகளா?”

“வெளிய இருக்கத எல்லாரும் வாசிக்காக. உள்ள இருக்கத நீங்க ஒரு தடவ வாசிங்க. பொறவு நீங்க சொன்னபடி செய்வோம்.”

வீடு வந்து சேர்ந்தோம். காரை விட்டு இறங்கியதும் கல்லைத் துடைக்காமல் நேராக உள்ளே நடந்தார். சமையலறை வாசற்படியில் நின்றார். பிறகு உள்ளே வந்தார். எட்டு மாதத்தில் முதல் முறை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உதிர்ந்த இடத்துக்கு மேலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு தேதியாக, வாய்விட்டு, ரோல்கால் எடுப்பது போல. 2014இல் நின்றார்.

“‘அப்பா லீவு. தினம் கறி. 22 நாள்.’” என்னைத் திரும்பிப் பார்த்தார். “இருவத்திரண்டு நாளு. தினமுமா தின்னேன்?”

“தினமும்.”

“எழுதி வச்சிருக்கான் பாரு, பயல்.”

விரலை அந்த எழுத்தின் மேல் ஓட்டினார். பேனா அழுத்திய பள்ளத்தை அவர் விரல் கண்டுபிடித்ததை நான் பார்த்தேன். அப்போது கீழே, 2012இன் மீதிப் பாதியில் இருந்து ஒரு சில்லு பிரிந்து மேடையில் விழுந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்தோம். அவர் அதைப் பொறுக்கிப் புரட்டிப் பார்த்து, என் பாட்டிலுக்குள் போட்டார். பாட்டில் எதற்கு என்று கேட்கவில்லை.

வெளியே போய் டூல்ஸ் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. உளியோடு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

“கல்லு ஒடையாம வரணும். ஓரத்துல இருந்து வாரேன். நீ உள்ள இருந்து சொவத்துல கைய வச்சுக்கோ. அதிர்ந்தா சொல்லு.”

நான் எழுத்துகளின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டேன். சாயங்காலம் வரை கொத்தினார். மூன்று முறை ‘அதிருது’ என்றேன். மூன்று முறையும் நிறுத்திவிட்டு, சின்ன உளியை எடுத்தார்.

அப்புறம் செய்தது இவ்வளவுதான். கல்லைச் சுவரில் இருந்து ஒரு முழம் தள்ளி, இரண்டு செங்கல் தூண்களுக்கு நடுவில் நிறுத்தினோம்; தெருவில் போகிறவர்கள் அங்கே நின்று வாசிக்கிறார்கள். வெளிச்சுவரில் இருந்த சிமெண்டை அடிவரை கொத்தி எடுத்தோம். செங்கல்லை இரண்டு மாதம் வெறுமனே காயவிட்டோம். அதன் பிறகு சுண்ணாம்பும் மணலும் மட்டும் கலந்து மெல்லிசாகப் பூசினோம்; பெயிண்ட் அடிக்கவில்லை. ஈரம் இப்போது தெருப் பக்கமாகப் போகிறது, உப்பும் அந்தப் பக்கமே பூக்கிறது. சனிக்கிழமை காலையில் அவர் காய்ந்த துடைப்பத்தால் அதைத் தட்டிவிடுகிறார். உள்ளே 2013இல் இருந்து மேலே எல்லாம் இருக்கிறது.