அசையாமல் படுத்த குற்றம்

திரௌபதியின் மகள் கவிநிலாவுக்கு ஒன்பது வயது. நினைத்தாற்போல் கழுத்து ஒரு பக்கம் வெட்டும், கண் படபடக்கும், தொண்டையிலிருந்து 'க்கும்' என்று ஒரு சத்தம் வரும். பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் சக்கரவர்த்தியும் வாயைத் திறக்குமுன் 'க்கும்' என்று செருமுகிறவர்தான். அவர் செருமினால் கம்பீரம். அவள் செருமினால் அவரைக் கேலி செய்கிறாளாம்.

"வியாதின்னு டாக்டர் எழுதின பேப்பர் கொண்டாம்மா. இல்லைன்னா டி.சி. வாங்கிட்டுப் போ" என்று திங்கட்கிழமைவரை கெடு வைத்துவிட்டார்.

அதற்கு முன்பே பதினோரு பௌர்ணமி மலை சுற்றியும் பிள்ளையின் வெட்டு குறையவில்லை. 2001ஆம் வருஷம் அது. பஸ் ஸ்டாண்டு எதிரே எஸ்.டி.டி. பூத்தில் திரௌபதிக்கு வேலை. அங்கேதான் அந்தச் சேதி காதில் விழுந்தது. இப்படி வெட்டி இழுக்கிற பிள்ளைகளின் மூளையைப் படம் பிடித்து, சென்னையில் தசரதன் என்ற டாக்டர் ஆராய்ச்சி நடத்துகிறாராம். அப்பாடா, மூளையையே படம் பிடித்துக் காட்டினால் எந்தச் சக்கரவர்த்தி மறுப்பான் என்று மறுநாளே மகளை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

அங்கே போனால் கூத்து. உடம்பு ஆடுகிற பிள்ளைகளாகத் தேடிப் பிடித்து வந்து, ஆடாதே என்று ஸ்கேன் மிஷின் குழாய்க்குள் படுக்க வைக்கிறார்கள்.

"இருபது நிமிஷம் அசையக் கூடாது பாப்பா. அசைஞ்சா படம் கலங்கிடும்" என்றார் தசரதன்.

பாவிப் பெண், பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கிவிட்டது. வெளியே வந்ததும் அடக்கியதெல்லாம் சேர்ந்து அரைமணி நேரம் வெட்டி எடுத்தது. அதைப் படம் பிடிக்க அங்கே மிஷின் இல்லை.

சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது: 'நார்மல்.' திரௌபதி அதைத் தூக்கிக்கொண்டு தசரதனிடம் ஓடினாள்.

"வியாதின்னு எழுதிக் குடுங்க சார்."

"ஒரு படத்துல ஒண்ணும் தெரியாதும்மா. நூறு பிள்ளைங்க படத்தைச் சேர்த்துப் பார்த்தாத்தான் வித்தியாசம் தெரியும்."

"அப்ப நூறு பிள்ளைங்களையும் ஹெட்மாஸ்டர்கிட்ட கூட்டிட்டுப் போவட்டுமா சார்?"

சர்டிபிகேட் தருவது தன் வேலையில்லை, தனக்கு ஆராய்ச்சி மட்டும்தான் என்று சொல்லி தசரதன் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

திங்கட்கிழமை சக்கரவர்த்தி அந்த ரிப்போர்ட்டை இரண்டு தரம் படித்தார். மகள் இருபது நிமிஷம் அசையாமல் படுத்திருந்த கதையைத் திரௌபதியே பெருமையாகச் சொல்லித் தொலைத்தாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அங்க அடக்கினவளுக்கு என் பீரியடுல அடக்கத் தெரியாதா? கொழுப்பும்மா இது." கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்து, அம்மா பக்கத்தில் நின்ற கவிநிலாவைப் பார்த்தார். "எங்க, இப்ப அடக்கு பார்க்கலாம்."

கவிநிலா அடக்கினாள். உதடு வெளுத்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் கட்டியது. அடக்கினால் கொழுப்பு, அடக்காவிட்டால் கேலி. திரௌபதிக்கு அப்போதுதான் உறைத்தது.

"விட்டுடு கண்ணு. எவனுக்காகவும் அடக்காத."

பிள்ளை விட்டது. கழுத்து நாலு தரம் வெட்டியது, அறை முழுக்க 'க்கும் க்கும்' என்று கேட்டது. சக்கரவர்த்தி டி.சி.யை எடுத்து, நடத்தை என்ற இடத்தில் 'மோசம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மூளை நன்றாயிருக்கிறது என்று ஒரு காகிதம், பிள்ளை மோசம் என்று இன்னொரு காகிதம். இரண்டையும் பையில் திணித்துக்கொண்டு திரௌபதி மகளின் கையைப் பிடித்தாள். இத்தனை படித்தவன்களில் ஒருத்தனுக்கும் பிள்ளையின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கத் தோன்றவில்லையே என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டே பஸ் ஏறினாள்.