குமட்டினால் மருந்து

நவமணி அந்த மருந்துப் புட்டியை மடியில் மறைத்திருந்தால் வம்பே வந்திருக்காது. அவசரகாலத்தில் நேர்மையாக நடந்துகொண்டதுதான் அவள் செய்த தப்பு.

டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து ரப்பர் தோட்டத்துக்குத் திரும்பும் வழியில் போலீஸ் சாவடியில் பஸ்ஸை நிறுத்திச் சோதித்தார்கள். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசி, ஒரு கரண்டி சீனி போய்விடக் கூடாது என்பது வெள்ளைக்கார சர்க்காரின் அவசரகால உத்தரவு. மருந்துக்கு டாக்டர் கடிதம் இருந்தால் போதும். சீனிக்கு ஜெயில்.

அவளிடம் கடிதம் இருந்தது. அதுதான் தொல்லை. அவள் புருஷன் நல்லசாமிக்கு எலும்பு மஜ்ஜையில் புற்று. பால்மரம் வெட்டிய மனிதனுக்கு இப்போது பலமாக இருமினாலே விலா எலும்பு முறிகிறது. அந்த நோய்க்கு ஒரு புது மருந்தை வெள்ளைக்கார டாக்டர் சோதித்துக்கொண்டிருந்தார். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் சீனிப்பாகு. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது, தெரியவும் கூடாதாம். அந்தப் புண்ணியவான் அதைக் கடிதத்தில் அப்படியே எழுதி, மருந்தானால் குமட்டும் என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார்.

ஸ்பெஷல் கான்ஸ்டபிள் உடையப்பன் அதைப் படித்துத் தன் மேலதிகாரியான சார்ஜனுக்குச் சொன்னான். மருந்தென்றால் விடு, சீனியென்றால் பிடி என்றார் சார்ஜன். எதுவென்று எப்படித் தெரிந்துகொள்வது என்று உடையப்பன் கேட்டதற்கு, குடித்துப் பார் என்றார்.

உடையப்பன் இரண்டு மடக்கு குடித்தான். டிரைவர் எஞ்சினை அணைத்தார். பஸ்ஸிலிருந்த அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். இன்னொரு மனிதன் வாந்தி எடுக்க வேண்டுமென்று நவமணி குலதெய்வத்தை வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை. ஜெயிலுக்குப் பயந்து அல்ல. போன மாதப் புட்டி முழுவதையும் குடித்தும் நல்லசாமிக்கு ஒரு தடவைகூடக் குமட்டவில்லை.

கால்மணி நேரம் ஆயிற்று. உடையப்பன் உதட்டை நக்கிக்கொண்டான். முகம் நன்றாகத் தெளிந்திருந்தது.

"தம்பி, எப்படி இருக்கு?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். சாவடிக்குப் பின்னால் போனான். அவன் தொண்டைக்குள் விரலை விடுவது அவள் நின்ற இடத்திலிருந்து நன்றாகவே தெரிந்தது. சார்ஜனுக்குச் சத்தம் மட்டும் கேட்டது. கண்ணில் நீர் வழியத் திரும்பி வந்தான்.

"அசல் மருந்துதான்க்கா. கொண்டு போங்க லா."

அவள் புட்டியை வாங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள்.

தோட்டத்து லயத்து வீட்டில் நல்லசாமி ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டான். குடித்துப் பார்த்த கான்ஸ்டபிள் வாந்தி எடுத்ததைச் சொன்னாள். அதில் பொய் இல்லையே. நல்லசாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது. இந்த மாதம் மருந்தே வந்துவிட்டது என்று ஆசையாக ஒரு கரண்டி குடித்துவிட்டுக் காத்திருந்தான். கொஞ்ச நேரத்தில் அவனுக்கும் புரட்டிக்கொண்டு வந்தது.

"கேக்குது நவமணி. மருந்து கேக்குது."

அவள் ஓடிப்போய்ச் சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். முதுகை அழுத்தாமல் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டாள். அழுகையை அடக்கத்தான் முடியவில்லை.

"மெதுவா எடுங்க," என்றாள். "எலும்பு தாங்காது."